பூக்க மறுக்கும் கள்ளி

வாங்கி வந்த ஆண்டில் கிளைதோறும் செந்நிற மலர்களைத் தொங்கவிட்டிருந்த கிறிஸ்துமஸ் கள்ளி, மறு ஆண்டு ஒரு மொட்டும் விடாமல் பச்சையாகவே நிற்கிறதா? நீரும் ஊற்றினோம், உரமும் இட்டோம், இன்னும் என்ன குறை என்று கவலைப்படுகிறீர்களா? அன்பார்ந்த வாசகர்களே, அச்செடியை எறிந்துவிடாதீர்கள். முறையாகப் பேணினால் அது பல பத்தாண்டுகள் வாழக் கூடியது. பாட்டி வைத்த செடியைப் பேத்தி பேணி வரும் குடும்பங்கள் மேலை நாடுகளில் உண்டு.

கள்ளி என்றதும் வறண்ட பாலைவனமும் முட்களுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் இச்செடியின் தாயகம் பிரேசில் நாட்டின் தென்கிழக்கே உள்ள கடலோர மலைக்காடுகள். அங்கே மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் சேரும் இலை மட்கைப் பற்றிக்கொண்டு, தொற்றுத் தாவரமாக இது வளர்கிறது. நிழலும் ஈரமும் இதற்குப் பழக்கமானவை. இலைகளைப் போல் தட்டையாகத் தெரிபவை உண்மையில் இதன் தண்டின் துண்டுகளே.

பிரேசில் மக்கள் இதனை 'மே மலர்' என்று அழைக்கின்றனர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இரவு நீளும் காலம் அது. வடக்கே நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரவு நீள்கிறது. ஆகவே இங்கு இது அப்போது பூக்கிறது. இரகசியம் முழுவதும் இதில்தான் அடங்கியுள்ளது.

பூக்கும் காலத்தை இச்செடி இருளின் நீளத்தைக் கொண்டே அறிந்துகொள்கிறது. பகலிரவு நீளத்திற்கும் பூத்தலுக்கும் உள்ள இத்தொடர்பை 1920ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் புகையிலை முதலிய செடிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். நீண்ட இரவை வேண்டுபவற்றைக் குறும்பகல் தாவரங்கள் என்பர். செடியிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி ஒளியை உணர்கிறது. நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கெரிந்தாலும் இருளின் கணக்குக் குலைந்துவிடக் கூடும். கூடத்தில் இரவு 11 மணிவரை எரியும் குழல்விளக்கும், விடியுமுன் மீண்டும் போடும் விளக்கும் பூவைத் தடுத்துவிடுகின்றன என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இனி, செய்யவேண்டியதைப் பார்ப்போம். அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ ஆறு வாரங்கள், மாலை 6 மணி முதல் காலை 8 மணிவரை செடி முழு இருளில் இருக்கட்டும். விளக்குப் போடாத அறை இல்லையெனில், ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தாலே போதும். பகலில், நேர் வெயில் படாத வெளிச்சமான சன்னலோரம் ஏற்றது. மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். இக்காலத்தில் உரம் வேண்டாம்.

குளிர்ச்சியும் இன்றியமையாதது. இரவு வெப்பம் 15 டிகிரி செல்சியஸை ஒட்டியிருப்பது நன்று. 10 முதல் 13 டிகிரிவரை குளிர்ந்தால், இருள் சற்றுக் குறைந்தாலும் மொட்டு வரும். வெப்பம் மிகுந்துவிட்டாலோ, இருள் நிறைந்திருந்தும் பயனில்லை. எனவே உதகை, கொடைக்கானல் வாசகர்களுக்கும், குளிர்நாடுகளில் வாழ்வோருக்கும் இது எளிது. சமவெளியில் வாழ்வோர் பூவைக் காணாவிடில் தம் பராமரிப்பைக் குறை கூறிக்கொள்ள வேண்டியதில்லை; அங்குள்ள வெப்பமே காரணம்.

மொட்டுகள் நன்கு தெரிந்தபின் பெட்டி தேவையில்லை. ஆனால் தொட்டியை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். திடீர் வெப்பமும், மண் முற்றிலும் காய்ந்து போவதும் மொட்டுகளை உதிர்த்துவிடும்.

பூத்து ஓய்ந்த பின்னர், மூன்று துண்டுகள் கொண்ட ஒரு கிளை நுனியை மெல்லத் திருகி எடுங்கள். ஓரிரு நாள் நிழலில் உலரவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். அதை அண்டை வீட்டாருக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள். கொடுக்கும்போது, மாலையானதும் பெட்டியைக் கவிழ்க்கவேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லிக் கொடுங்கள்.