வரிசை எண்ணில் எழுதிய முகவரி

வீட்டு ரவுட்டரின் ஃபயர்வால் லாகில் கண் முதலில் போக வேண்டிய இடம் சேருமிட போர்ட் எண். அனுப்பிய முகவரி, நேரம், டிசிபியா யுடிபியா என்ற விவரமெல்லாம் அதன் பிறகு.

வெளியிலிருந்து வந்து தடுக்கப்பட்ட வரிகளில் 22 என்றால் எஸ்எஸ்எச், 445 என்றால் விண்டோஸ் கோப்புப் பகிர்வு, 3389 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். 23 டெல்நெட்டுக்கு உரியது. அதன் முன் சற்று நின்று பார்க்க வேண்டும்.

2016இல் பரவிய மிராய் என்ற மால்வேர் கண்காணிப்புக் கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்தது இந்த வழியில்தான். தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டையே யாரும் மாற்றாமல் விட்ட கருவிகள் அவை. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்–பாஸ்வேர்ட் ஜோடிகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் அதன் மூல நிரல் பகிரங்கமானது. வழித்தோன்றல்கள் பெருகின.

அந்த நிரலில் வியக்கத்தக்க ஒரு நுணுக்கம் உண்டு. டிசிபி இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்டில் 32 பிட் வரிசை எண் ஒன்று இருக்கும். முறையான கணினி அதை ஊகிக்க முடியாத எண்ணாக வைக்கும். மிராயோ, எந்த ஐபி முகவரிக்குப் பாக்கெட் போகிறதோ அந்த முகவரியையே அங்கே எழுதிவிடும். பழைய வகை ஐபி முகவரியும் 32 பிட் என்பதால் கச்சிதமாகப் பொருந்துகிறது. பதில் வரும்போது அதன் ஒப்புகை எண் ஒன்று கூடியிருக்கும். அந்த ஒன்றைக் கழித்தால் பதில் அனுப்பியவரின் முகவரி கிடைக்க வேண்டும். கிடைத்தால் அது மிராய் அனுப்பியதற்கு வந்த பதில். யார் யாருக்கு அனுப்பியது என்ற பட்டியலைச் சின்னக் கேமராவின் நினைவகத்தில் சுமக்கத் தேவையில்லை.

இந்தச் சிக்கனமே தடயமும் ஆகிறது. 203.0.113.7 என்ற முகவரியை ஒரே எண்ணாக்கினால் 3405803783. லினக்ஸ் ரவுட்டரின் ஐபிடேபிள்ஸ் லாக் விதியில் வரிசை எண்ணையும் பதியச் சொல்லலாம். அங்கே வீட்டின் சொந்த முகவரியே எண்ணாக நின்றால், வந்தது மிராய் குடும்பம். தற்செயலாக அப்படிப் பொருந்த 429 கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு. அனுப்பிய முகவரியில் இருப்பதும் பெரும்பாலும் குற்றவாளி அல்ல, தன் கேமரா பறிபோனது தெரியாத இன்னொரு குடும்பம். அந்த முகவரியைத் திட்டுவதில் பயனில்லை.

தடயம் விடும் கருவி இது ஒன்றல்ல. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப், முகவரிப் பரப்பு முழுவதையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் துழாவவல்லது. அதன் பாக்கெட்டுகளில் ஐபி அடையாள எண் 54321 என்றே வந்தது.

தடுக்கப்பட்ட எல்லா வரியும் துழாவல் அல்ல. அனுப்பிய போர்ட் 443 என்றிருந்து, ஏசிகே அல்லது ஆர்எஸ்டி கொடியும் இருந்தால், அது பெரும்பாலும் சற்றுமுன் பார்த்த இணையதளத்தின் தாமதமான பதில். ரவுட்டர் அந்த இணைப்பை மறந்த பிறகு வந்து சேர்ந்திருக்கும்.

வீட்டுக்குள்ளிருந்து வெளியே 23ஐத் தேடிப் போகும் வரிதான் அபாயம்: வீட்டுக் கேமராவே பிடிபட்டிருக்கலாம். கேமராவை அணைத்து எழுப்பினால், நினைவகத்தில் மட்டுமே வாழும் மிராய் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் திரும்பி வரும்.