எழுத்தெண்ணலும் இயந்திரமும்: பைதன் மொழிக்கு நீட்சி அமைத்தல்

வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகின்றது. வன்னியில் கணினிக் கல்வி வேரூன்றிவரும் இவ்வேளையில், கணினிக் கருவிகளைப் பயன்படுத்துவோராகவே நாம் நின்றுவிடுவதா, அவற்றை ஆக்குவோராகவும் ஆவதா என்பது தமிழாய்வாளருக்கும் உரிய வினாவாகும். சிறு தொழில்நுட்பச் செயலொன்றினூடாக இதனை நோக்குவோம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991 இல் வெளியிட்ட பைதன், எழுதியவுடன் இயக்கிப் பார்க்கத்தக்க மொழி. எனினும் அதன் வழமையான இயக்கி சி மொழியில் எழுதப்பட்டதாகும். மேலே தோன்றும் எளிமையைக் கீழே மறைந்துள்ள உழைப்பே தாங்குகின்றது. பெருந்தொகையான பாடங்களை எழுத்தெழுத்தாக ஆராயுமிடத்துப் பைதன் மந்தமாகும். அப்பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி, இயந்திரமொழிக்குத் தொகுத்துப் பைதனுடன் இணைக்கலாம். அதுவே நீட்சி எனப்படும்.

‘வன்னி’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துக்கள் உள என்பது எமது இலக்கண மரபு. பைதனோ ஐந்து என்னும். புள்ளியையும் இகரக் குறியையும் யூனிக்கோடு தனிக் குறியீடுகளாகக் கொள்வதே இதற்குக் காரணம். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் விடுத்து எண்ணும் செயற்கூறொன்றைச் சி மொழியில் ஆக்கலாம். தனிப்பாடலொன்றுக்கு இது வேண்டியதில்லை. இலக்கியத் தொகுதிகள் பலவற்றை ஒருங்கே ஆராயும்போதே இதன் பயன் புலனாகும்.

விண்டோசில், விசுவல் ஸ்ரூடியோவைக் கொண்டு இதனைத் தொகுப்பதற்கு நான்கு நிபந்தனைகள் உள. பைதனின் தலைப்புக் கோப்புக்களும் நூலகக் கோப்பும் உள்ள இடங்களைத் திட்டத்திற்கு அறிவித்தல் வேண்டும். வெளியீட்டை இயங்குநிலை நூலகமாக்கி, ‘பிவைடி’ என்ற பின்னொட்டு இடுதல் வேண்டும். பைதன் 64 பிற்று ஆயின் நீட்சியும் அவ்வாறே அமைதல் வேண்டும். தொடக்கச் செயற்கூற்றின் பெயர் கோப்பின் பெயரோடு பொருந்துதல் வேண்டும். பிழைதிருத்த நிலையில் தொகுத்தால், அதற்கெனத் தனியான பைதன் நூலகம் தேடப்படும். அது நிறுவப்படாதவிடத்து இணைப்பு முறியும். தொடக்கநிலையாளர் பெரிதும் இடறுவது இங்கேயே. அவர்கள் வெளியீட்டு நிலையில் தொகுத்தல் நன்று.

நினைவகப் பொறுப்பு இதனினும் கடினமானது. ஒரு பொருளுக்கு எத்தனை சுட்டுக்கள் உள எனப் பைதன் எண்ணி வைத்திருக்கும். எண்ணிக்கை பூச்சியமானதும் பொருளை அழிக்கும். சி மொழியில் அக்கணக்கை எழுதுபவரே பேணவேண்டும். குறைத்துக் கணக்கிட்டால் செயலி வீழ்ந்துவிடக்கூடும். கூட்டிக் கணக்கிட்டால் நினைவகம் வீணாகும்.

மறைந்திருந்த உழைப்பு இவ்வாறு எமது கைக்கு வருகின்றது. எது எழுத்து என்பதை இலக்கணம் பயின்றோர் வரையறுக்க, கணினி பயின்றோர் அதனைச் செயற்கூறாக்கலாம். இவ்விரு சாராரும் ஒரே மேசையில் அமராதவரை, தமிழெழுத்தை எண்ணும் முறையைத் தமிழறியாக் கருவியே தீர்மானித்துக்கொண்டிருக்கும்.