வானூர்தியில் மிதிவண்டி கொண்டுசெல்லல்

வெளிநாட்டில் நெடும்பயணம் செய்வோர் தம் மிதிவண்டியைப் பெட்டியில் கட்டி வானூர்தியில் கொண்டுசெல்கின்றனர். புதுச்சேரி இலாசுப்பேட்டை நிலையத்திலிருந்து வெளிநாட்டுச் சேவை இல்லாததால் வில்லியனூர், பாகூர் பகுதியினர் சென்னை செல்ல வேண்டும்.

பொதுவாக ஒரு சுமையின் நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மிதிவண்டிப் பெட்டி இதைத் தாண்டும். எனவே பயணச்சீட்டு வாங்குமுன் விமான நிறுவனத்தின் ஒப்புதலையும் கட்டணத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

கடைகளுக்குப் புதிய மிதிவண்டி வரும் அட்டைப்பெட்டியே போதும். முன்சக்கரம், இருக்கை, பெடல்களைக் கழற்றிக் கைப்பிடியைத் திருப்பிக் கட்ட வேண்டும். வலது பெடல் இடஞ்சுழியாகவும், இடது பெடல் வலஞ்சுழியாகவும் திருகினால் கழலும். மாற்றித் திருகினால் இறுகும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தைப் பயணிகள் கொண்டுசெல்ல முடியாது.

இறங்கும் ஊரில் வண்டியைப் பூட்ட வேண்டியவர் பயணியே. ஆகவே வீட்டிலேயே ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பழகுதல் நன்று.