காருக்கு அளவெடுத்த படகு

இரண்டாம் உலகப் போர் முடிந்த புதிதில், பிரிட்டனில் சொந்தப் பாய்மரப் படகு என்பது சாமானியக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத சங்கதி. படகின் விலை ஒருபுறம் இருக்க, அதைக் கட்டிவைக்கத் துறையில் இடமும் பிடித்தாக வேண்டும்.

1950 மே மாதம் அங்கே பெட்ரோல் ரேஷன் முடிவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கத் தொடங்கின. படகை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, விடுமுறையில் காரோடு கொண்டுபோனால் துறை வாடகை மிச்சம். ஆனால் படகு காருக்கு அடங்க வேண்டுமே!

அடக்கிக் காட்டியவர் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட். 1951இல் அவர் வடிவமைத்த ஒரு படகின் பெயரே ‘கார்டாப்பர்’. கார் கூரையில் ஏற்றிப்போகத் தோதானது. பின்னாளில் ‘ஹெரான்’ என்று பெயர் மாறியது.

அதைவிடப் பெரிய அலை 1963இல் எழுந்தது. ‘டெய்லி மிர்ரர்’ நாளிதழின் ஆதரவில், வீட்டைத் தாமே சீரமைக்கத் தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்துப் புகழ்பெற்ற பாரி பக்னெலும் ஹோல்டும் சேர்ந்து உருவாக்கிய ‘மிர்ரர்’ லண்டன் படகுக் கண்காட்சிக்கு வந்தது. உதிரிப் பாகங்களாக விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பிளைவுட் பலகைகளில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டினால் படகு தயார். தச்சுப் பட்டறையே தேவையில்லை, கார் ஷெட் போதும்.

நீளம் சுமார் 3.3 மீட்டர், வெற்றுடலின் எடை 45 கிலோ சொச்சம். பாய்மரத்தில்தான் சூட்சுமம். நெட்டையாக ஒரே மரம் இருந்தால் காருக்கு வெளியே துருத்தும். அதனால் குட்டை மரம் ஒன்றை நட்டு, அதன்மேல் இன்னொரு கழியைக் கயிற்றால் ஏற்றி உயரத்தைக் கூட்டினார்கள். கழற்றினால் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். இந்தப் படகு இதுவரை 70,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

கூரையில் தூக்கி ஏற்ற முடியாதவர்களுக்கு டிரெய்லர். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கர பேரிங்கை அப்படியே கடல்நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி உப்புநீரை இழுத்துக்கொள்ளும். பேரிங் துருப்பிடித்துப் போகும். இதற்காகவே இரட்டை அடுக்கு டிரெய்லர் வந்தது. சாலையில் ஓடும் சக்கரங்கள் கரையிலேயே நின்றுவிடும். மேலே இருக்கும் சிறு தள்ளுவண்டி மட்டும் படகோடு தண்ணீருக்குள் இறங்கும்.

1997 முதல் பிரிட்டனில் புதிதாக உரிமம் பெறுவோர் கனமான டிரெய்லர் இழுக்கத் தனி ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. அந்த ஆண்டுகளிலும் 750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லர்களுக்குச் சாதாரணக் கார் உரிமமே போதுமாக இருந்ததால், மிர்ரர்காரர்களை இந்த விதி தொடவே இல்லை.