வயது பத்து... வகுப்பு எது?

வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பில் இடம். பிறப்புச் சான்றிதழ் பரவலாகாத காலத்தில் நம் கிராமத்துப் பள்ளிகள் வயதை இப்படித்தான் அளந்தன. சேர்க்கையன்று தலைமையாசிரியர் குத்துமதிப்பாக எழுதிய தேதியே பலருக்கு ஆயுள் முழுவதும் பிறந்தநாளாக நிலைத்துவிட்டது.

இன்று, வயதுக்கேற்ற வகுப்பில் பிள்ளைகள் படிக்கிறார்களா என்பதை அறிய வீட்டு வாசலுக்கே வருகிறார்கள் கணக்கெடுப்பாளர்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பும், 2005 முதல் பிரதம் அமைப்பு முன்னின்று கிராமங்களில் நடத்தும் ஏசர் ஆய்வும் இந்த வகையைச் சேர்ந்தவை. பள்ளிப் பதிவேட்டில் பெயரே இல்லாத பிள்ளையும் வீட்டில் கேட்டால் தெரியவரும். அதுதான் இவற்றின் பலம்.

மாதம் மாறினால் கணக்கு மாறும்

தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. அப்படியானால் வயதிலிருந்து நான்கைக் கழித்தால் வகுப்பு கிடைத்துவிடும். சிக்கல், வயதை எந்த நாளில் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

2013 நவம்பரில் பிறந்த ஒரு சிறுமி 2019 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்கிறாள். 2024 பிப்ரவரியில் அவள் ஐந்தாம் வகுப்பு, வயதோ 10. கணக்கின்படி ஆறில் இருக்க வேண்டியவள், ஓராண்டு பின்தங்கியதாகப் பட்டியலில் ஏறிவிடுவாள். கல்வியாண்டு தொடங்கிய ஜூனில் அவளுக்கு வயது 9தான். அவள் சரியான வகுப்பில்தான் படிக்கிறாள். பிறந்த மாதத்தையும் ஆண்டையும் கேட்டு, பள்ளி திறந்த நாளுக்கு வயதைக் கணக்கிட்டால் இந்தப் பிழை நேராது.

மாநிலத்துக்கு மாநிலமும் கணக்கு மாறும். புதிய கல்விக் கொள்கை முதல் வகுப்புக்கு 6 வயது என்கிறது. நாடு முழுமைக்கும் ஒரே வாய்ப்பாட்டைப் போட்டால், ஊர் வழக்கமே குறைபாடாகத் தெரியும்.

யாரைத் தேட வேண்டும்?

இதனால்தான் உரிய வயதைவிட 2 ஆண்டோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால் மட்டுமே யுனெஸ்கோ 'வயது கடந்தவர்' என்று எண்ணுகிறது. தாமதமாகச் சேர்ந்தவர்கள், இடையில் நின்று திரும்பியவர்கள், பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய் வந்தவர்கள் இதில் இருப்பார்கள். படிப்பைக் கைவிடும் அபாயமும் இவர்களுக்கே அதிகம். இவர்களை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. கணக்கு தப்பினால் அந்த உதவி உரியவரைச் சேராது.

2027 பிப்ரவரியில், கல்வியாண்டின் கடைசிக் கட்டத்தில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. அப்போது பிள்ளையின் வயதைத் தோராயமாகச் சொல்லாதீர்கள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்.