சுறாப் புட்டும் நெத்திலிக் குழம்பும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடத்தை அடையும் பிரயாணி, மோட்டார் வாகனங்களும் டயர்களும் உற்பத்தியாகும் பிரம்மாண்டமான ஆலைகளையும், தொன்றுதொட்டு இவ்வட்டாரத்து வயல்களுக்கு நீர் வார்த்துவந்த ஏரிகளையும் அடுத்தடுத்துக் காண்கிறான். சென்ற வாரம் அந்த ஏரிகளின் நீரைப் பற்றிப் பேசினோம். அந்நீரிலும், வெகு கிழக்கேயுள்ள சமுத்திரத்திலும் பிடிபட்டு, இங்குள்ள தொழிலாளரின் தட்டில் வந்து சேரும் மீனைப் பற்றி இந்த வாரம் பேசுவோம்.

சொந்த ஊரை விட்டு வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கும் இளம்பெண்கள் இத்தொழிற்பகுதியில் ஏராளம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்பதையும், 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மின்னணு ஆலையொன்றின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதைக் கண்டித்து நெடுஞ்சாலையில் மறியல் செய்ததையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், இவர்களுடைய ஆகாரம் பற்றிய கேள்வி அற்பமானதன்று என்பது விளங்கும்.

மீனிலுள்ள புரதம் எளிதில் ஜீரணமாவது. அதிலுள்ள இரும்புச்சத்து அளவில் சிறிதாயினும், தேகம் சுலபமாக ஏற்கும் வடிவில் இருப்பதோடு, கூடவே உண்ணும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உறிஞ்சிக்கொள்ளவும் துணைசெய்கிறது. தாவர உணவில் கிட்டாத பி12 வைட்டமின் மீனில் உண்டு. இருதயத்துக்கும் சிசுவின் மூளை வளர்ச்சிக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் காணாங்கெளுத்தியிலும் நிறைந்திருக்கிறது. நெத்திலியையோ முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச்சத்தும் சேர்கிறது. 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடமாகத் தோன்றி, இன்று ஹைதராபாத்தில் இயங்கிவரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், புலால் உண்போர் வாரத்துக்கு 100 முதல் 200 கிராம் மீனாவது உண்பது நன்று எனக் கூறியிருக்கிறது.

எனினும் எந்த மீனை உண்பது என்பதில்தான் விவேகம் வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று பால்சுறா வாங்கி, வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் மிளகும் கூட்டிப் புட்டாக்கிக் கொடுப்பது நம் வீடுகளில் தாய்மார் வழிவழியாகச் செய்துவரும் உபசாரம். அந்த அன்பை நான் வணங்குகிறேன். ஆனால் பால்சுறா என்ற பெயரில் இன்று சந்தையில் வெட்டி விற்கப்படும் துண்டு, சிறிய சுறாவினுடையதா பெரிய சுறாவினுடையதா என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. பிரசவித்தவளுக்கும் கர்ப்பிணிக்கும் அந்த வித்தியாசம் முக்கியமானது; காரணம், பாதரசம்.

நிலக்கரிப் புகையிலும் ஆலைக் கழிவிலும் கலந்து நீரை அடையும் பாதரசத்தை, அடிச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மெதில் பாதரசம் என்னும் கொடிய விஷமாக மாற்றுகின்றன. அதை நுண்ணிய பாசி ஏற்கிறது. பாசியைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும், பெருமீனைச் சுறாவும் விழுங்க, ஒவ்வொரு படியிலும் அது வட்டிக்கு வட்டி போலப் பெருகி, நெடுங்காலம் வாழும் வேட்டைமீனின் சதையில் மிகுதியாகத் தங்குகிறது. ஈயமும் காட்மியமும் பெரும்பாலும் குடலிலும் ஈரலிலும் செவுளிலும் தங்குவதால் அவற்றை நீக்கிக் கழுவினால் ஓரளவேனும் குறையும். பாதரசமோ சதையின் புரதத்தோடேயே பிணைந்திருப்பதால், மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினாலும், கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் போவதில்லை. நமது உணவுப் பாதுகாப்புச் சட்டமும் பிற மீன்களில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வரையிலும், வேட்டைமீன்களில் அதன் இருமடங்கு வரையிலும் பாதரசத்தை அனுமதிக்கிறது. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரையூரில், ரசாயன ஆலையொன்று குடாவில் விட்ட கழிவால் விஷமேறிய மீனை உண்டவர்களின் நோய் 1956இல் வெளிப்பட்ட பின்னர், தாய்க்குப் பெரிய அறிகுறி ஏதுமின்றியே வயிற்றிலிருந்த சிசு ஊனமுற்றுப் பிறந்ததை வைத்தியர்கள் கண்டார்கள். உடலேறிய இவ்விஷத்தில் பாதி கழிவதற்கே சுமார் இரண்டு மாதங்கள் செல்லுமாதலால், கருவுற்ற பின்னர் விலக்குவது போதாது. மணமாகப்போகும் பெண்ணும் பெரிய சுறாவையும் தளப்பத்தையும் தவிர்ப்பதும், பெரிய வஞ்சிரத்தை எப்போதாவது உண்பதோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது.

இவ்விடத்தில் உடலின் நன்மையும் கடலின் நன்மையும் ஒன்றாகிவிடுகின்றன. சுறா முதிர்ச்சி அடைவதற்கே பல ஆண்டுகள் ஆகும். ஈனும் குட்டிகளும் சொற்பம். ஆகவே அதைப் பிடித்துத் தீர்ப்பது எளிது, மீட்பது அரிது. நெத்திலியும் மத்தியும் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று, விரைவில் வளர்ந்து, ஏராளமாக முட்டையிட்டு, விஷம் பெருகுமுன்பே தம் ஆயுளை முடித்துக்கொள்கின்றன. அவையும் வற்றாத செல்வம் அல்ல என்பதை மறக்கலாகாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடை மீன்வளம் பெருகுவதற்காகவே ஏற்பட்டது. மனிதர் உண்ணவேண்டிய மத்தி டன் கணக்கில் மீன்மாவு ஆலைகளுக்குப் போவது எனக்கு மிகுந்த துயரத்தைத் தருகிறது.

சிறுமீனில் வேறோர் ஆபத்து உண்டு. காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்த மத்தியும் காணாங்கெளுத்தியும் தெர்மாகோல் பெட்டியில் ஒரகடம் வந்து சேர்வதற்குள், மீனின் எடைக்குச் சமமாகவேனும் ஐஸ் இல்லாவிட்டால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. அதுவும் சமைத்தால் அழிவதில்லை. உண்டவருக்கு முகம் சிவந்து, உடல் அரித்து, தலைவலியும் வாந்தியும் காணும். "செவுளத் தூக்கிப் பாரும்மா, ரத்தமா இருக்குது" என்று மீன்காரம்மா சொல்லும்போது செவுளைப் பார்த்தால் மட்டும் போதாது. பெட்டியின் அடிவரை ஐஸ் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அழுத்திய விரலின் பள்ளம் உடனே மேலெழுந்தால் வாங்கலாம். பார்மலின் கலந்திருக்குமோ என்று ஐயுறுபவர்களுக்காகக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எளிய சோதனைத் தாள்களை வகுத்திருக்கிறது. விடுதிகளுக்கு மொத்தமாக மீன் வாங்கும் ஒப்பந்தக்காரர்கள் அவற்றை உபயோகிப்பது அவர்கள் கடமை.

கடைசியாக, ஏரி மீன். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இங்கு உழைக்க வந்திருப்போர் கட்லாவையும் ரோகுவையும் விரும்பித் தேடுகிறார்கள். உள்ளூரார் ஜிலேபியையும் விராலையும் வாங்குகிறார்கள். அடிச்சேற்றில் மேயும் மிர்காலும், பிற மீன்களை வேட்டையாடும் விராலும், நீர் கெட்டால் அதன் கேட்டை மற்றவற்றினும் அதிகமாகச் சுமப்பவை. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்துவந்த ஆலை 2001இல் மூடப்பட்ட பின்னரும், அவ்வூர் ஏரியின் மீன்களில் பாதரசம் இருந்ததை அணுசக்தித் துறையின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தொழிற்பேட்டை சூழ்ந்த ஏரிகளை மீன்பாசிக் குத்தகைக்கு விடும் அதிகாரிகளுக்கும், உணவுப் பாதுகாப்புத் துறைக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே: ஒவ்வோர் ஆண்டும் குத்தகை ஏலத்துக்கு முன்னர் அந்தந்த ஏரியின் மீனையும் சேற்றையும் எடுத்து ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் ஆகியவற்றுக்குச் சோதித்து, அதன் முடிவைத் தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஏரிக்கரையிலேயே பலகையாக நாட்டுங்கள்.