இருட்டறைக் கதவில் ஒரு வாசகம்

அமெரிக்க நாட்டில் டொரோத்தியா லாங் என்றொரு புகைப்படக் கலைஞர் வாழ்ந்தார். 1895இல் பிறந்து 1965இல் மறைந்தவர். படங்களைக் கழுவி அச்சிடும் தம் இருட்டறையின் கதவில் அவர் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார். பல்லாண்டுகள் அத்தாள் அங்கேயே இருந்தது. அதில் எழுதியிருந்த சொற்கள் அவருடையவை அல்ல. 1626இல் மறைந்த ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கனுடையவை. பொருள்களைப் பிழையும் மயக்கமும் போலியும் கலவாமல் உள்ளது உள்ளபடியே காண்பது, கற்பனை தரும் விளைச்சல் முழுவதினும் மேலானது என்பது அவற்றின் கருத்து.

மாணவ நண்பர்களே! உங்களில் பலரும் பெரியோர் மொழிகளைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பீர்கள். புகைப்படக் கலையில் ஆர்வம் உள்ளவர்கள் அத்துறை வல்லுநர் கூறியவற்றைத் தேடிப் படிப்பீர்கள். நல்ல பழக்கமே. ஆனால் எழுதி வைத்த மொழி நமக்கு என்ன செய்கிறது? படித்த அன்று உள்ளம் கிளர்ச்சி அடைகிறது. மறுநாள் அது அடங்கிவிடுகிறது. லாங் அம்மையாரின் கதவில் இருந்த வாசகமோ, ஒவ்வொரு நாளும் அவர் வேலை செய்யப் புகும் இடத்தில் அவரை எதிர்கொண்டது. அவ்வாசகம் அவருக்கு ஓர் அளவுகோல். மேதைகளின் சொற்களை நாமும் அளவுகோலாகக் கொள்வது எப்படி என்பதையே இன்று சிந்திப்போம்.

முதலில் ஒன்று. ஒரு சொல்லை, அதைச் சொன்னவர் செய்த வேலையோடு சேர்த்தே படிக்க வேண்டும். தனியே பிரித்தெடுத்தால் அது திசை மாறிப் போகும்.

ராபர்ட் காப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரியில் பிறந்த அவர் போர்க்களப் படங்களால் புகழ் பெற்றவர். படம் நன்றாக அமையவில்லை என்றால் நீ போதிய அளவு அருகில் செல்லவில்லை என்று பொருள் என அவர் கூறியதாக வழங்கும் மொழி உலகப் புகழ் பெற்றது. இதனைக் கேட்கும் இளைஞர் பலர், பத்து அடி தூரத்தை ஐந்து அடியாகக் குறைத்தால் போதும் என்று கருதிவிடுகிறார்கள். காப்பாவோ 1944 ஜூன் 6ஆம் நாள், நார்மண்டிக் கடற்கரையில் படைவீரர்களுடன் தாமும் இறங்கியவர். அவர் பேசிய அருகாமை, பிறர் ஏற்கும் ஆபத்தில் தாமும் பங்கு கொள்ளும் அருகாமை. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. 1954 மே மாதத்தில் இந்தோசீனப் போரில் கண்ணிவெடிக்கு அவர் இரையானார். அப்போது அவருக்கு வயது நாற்பது. இவ்வளவையும் அறிந்த பின் அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள். அதன் எடை வேறாகத் தோன்றும்.

அடுத்து, பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன். தீர்மானமான கணம் என்ற தொடரை அவர் பெயரோடு சேர்த்தே உலகம் சொல்கிறது. 1952இல் வெளிவந்த அவருடைய நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு அதுவே தலைப்பு. பிரெஞ்சுப் பதிப்பின் தலைப்போ வேறு. அவசர அவசரமாக, கண்ணில் படாமல் எடுத்த படங்கள் என்பது போன்ற பொருள் தருவது. தீர்மானமான கணம் பற்றிய வாக்கியமும் அவர் படைத்ததன்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்டினல் டி ரெட்ஸ் என்பாருடையது. அதை அவர் தம் நூல் முகப்பில் எடுத்தாண்டிருந்தார். எனவே, அத்தொடரை மட்டும் மனப்பாடம் செய்தவன் கார்ட்டியே-பிரெஸ்ஸோனை அறிந்தவன் ஆகமாட்டான்.

அக்கணம் நல்வாய்ப்பால் வந்து வாய்ப்பது என்று சிலர் எண்ணுகின்றனர். இளமையில் ஓவியம் பயின்று, கோடுகளும் வடிவங்களும் ஒன்றோடொன்று பொருந்தும் முறையைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டவர் அவர். படிக்கட்டும் சுவரும் தெருவும் அழகாக அமைந்த ஓர் இடத்தைக் கண்டுகொண்டு, மனிதர் ஒருவர் அதனுள் வந்து சேரும் வரை காத்திருப்பது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. 1948 ஜனவரி 30ஆம் நாள் அவர் டில்லியில் காந்தியடிகளைக் கண்டு படம் எடுத்துத் திரும்பினார். சிறிது நேரத்தில் அடிகள் சுடப்பட்டார். அன்றிரவு பிர்லா மாளிகை வாயிலில், நேரு மக்களுக்கு அத்துயரச் செய்தியைச் சொன்ன காட்சியைக் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் படமாக்கினார். அப்படி ஒரு நாள் வருமென எவர்தாம் எதிர்பார்த்திருக்க முடியும்? வரும் கணத்தை அறிதல் யார்க்கும் இயலாது. வந்தபோது கையும் கண்ணும் பழகியிருத்தல் மட்டும் நம்மால் இயலும். இதனை அறிந்துகொண்ட மாணவன், தேர்வு மண்டபத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இதே பாடத்தை எடுத்துச் செல்லலாம்.

மூன்றாமவர் ஆன்சல் ஆடம்ஸ். இவர் முதலில் பியானோ வாசிக்கப் பயின்றவர். பிறகே மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் படம் எடுப்பதில் ஈடுபட்டார். நெகடிவ் என்பது இசையமைப்பாளர் எழுதி வைத்த சுரக்குறிப்புப் போன்றது. அதிலிருந்து அச்சிடும் படம் கச்சேரி போன்றது என்று அவர் உவமை கூறுவார். 1941 நவம்பர் முதல் நாள் மாலை, நியூமெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரைக் கடந்து காரில் சென்றார். கீழ்வானில் நிலவு எழுந்திருந்தது. இடுகாட்டுச் சிலுவைகளின்மேல் கடைசி வெயில் பட்டுக்கொண்டிருந்தது. காரை நிறுத்தி, காமிராவைப் பொருத்திவிட்டார். ஒளி அளக்கும் கருவி மட்டும் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி இத்தனை அளவு என்பது அவர் நினைவில் இருந்தது. அதைக் கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு முயல்வதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த வெயில் மறைந்துவிட்டது.

கிடைத்தது ஒரே நெகடிவ். ஆயினும் வேலை அன்றோடு முடியவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் அந்த நெகடிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை ஆடம்ஸ் தம் கையாலேயே அச்சிட்டார். முதற்காலத்துப் படங்களில் வானத்தில் மெல்லிய முகில்கள் தெரியும். பிற்காலத்துப் படங்களில் வானம் ஏறக்குறையக் கருமையாகவே இருக்கும். ஒரே சுரக்குறிப்பை வெவ்வேறு வயதில் வெவ்வேறு விதமாக வாசித்தார் என்று சொல்லலாம். எழுதிய கட்டுரையை மறுமுறை எடுத்துப் பார்க்கச் சலிப்படையும் மாணவருக்கு, ஆடம்ஸின் உவமையில் பெரியதோர் ஊக்கம் உண்டு.

இனி, நாம் தொடங்கிய லாங் அம்மையாரிடம் மீண்டும் வருவோம். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு, வாழ்நாள் முழுதும் ஒரு காலைச் சாய்த்து நடந்தவர் அவர். சான்பிரான்சிஸ்கோ நகரில் செல்வர்களின் உருவப்படங்களை எடுத்து வந்தார். 1930களில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டியபோது, வேலையற்றோர் தெருவில் திரிவதைக் கண்டு, காமிராவுடன் தெருவில் இறங்கினார். பின்னர் அரசாங்கத்தின் சார்பில் உழவர்களின் துயர நிலையைப் படமாக்கும் பணியை மேற்கொண்டார்.

1936 மார்ச் மாதம். ஒரு மாதப் பயணத்தை முடித்துக்கொண்டு, மழையில் காரை ஓட்டி வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவில் நிப்போமோ என்னும் இடத்தருகே, பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாம் என்று காட்டும் பலகை ஒன்று தென்பட்டது. நிற்காமல் ஏறக்குறைய இருபது மைல் சென்றுவிட்டார். மனம் ஒப்பவில்லை, காரைத் திருப்பினார். முகாமில் ஒரு கூடாரத்தின் கீழ்த் தாய் ஒருத்தி குழந்தைகளுடன் அமர்ந்திருந்தாள். லாங் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்கி, படிப்படியாக நெருங்கிச் சில படங்கள் எடுத்தார். தாயின் தோள்களில் இரு குழந்தைகள் முகம் புதைத்திருக்க, அவள் கன்னத்தில் கைவைத்து எங்கோ நோக்கும் அந்தக் கடைசிப் படம், இடம்பெயர்ந்த தாய் என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது. படங்கள் செய்தித்தாளில் வெளிவந்ததும், அரசாங்கம் அந்த முகாமுக்கு இருபதாயிரம் பவுண்டு உணவுப்பொருள்களை அனுப்பியது.

காமிரா என்பது, காமிரா இல்லாமலே பார்க்கக் கற்பிக்கும் கருவி என்ற கருத்தைக் கூறியவர் லாங். அந்தப் படம் ஒரு நாட்டையே பார்க்கக் கற்பித்தது என்பதில் ஐயமில்லை. எனினும் கதை இங்கே முடிந்துவிடவில்லை.

1960இல் லாங் அந்த நாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தாயின் பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என்று அதில் கூறினார். உணவு வாங்குவதற்காகக் காரின் டயர்களை அப்போதுதான் விற்றிருந்தார்கள் என்றும் எழுதினார். 1978இல், அந்தத் தாய் இன்னார் என்பது செய்தித்தாள் வாயிலாக வெளியாயிற்று. அவர் பெயர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செவ்விந்தியரான செரோக்கி இனத்தவர். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும், அதனால் தமக்கு ஒரு காசும் பயனில்லை என்றும் அவர் மனம் நொந்து கூறினார். டயர்களை நாங்கள் விற்கவே இல்லை. பழுதடைந்த காரைச் சரிசெய்யவே அங்கே தங்கினோம் என்றனர் அவர் மக்கள். அரசாங்கம் அனுப்பிய உணவு வந்து சேர்வதற்குள் அக்குடும்பம் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டது. அந்தப் படம் அரசாங்கத்தின் உடைமையானதால், அதன் விற்பனையால் லாங்கும் செல்வம் ஈட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்தின் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அது பார்வைக்கு இடையூறாக இருந்ததென்று, 1939இல் நெகடிவிலேயே அதனை மறைக்கச் செய்தார் லாங். உள்ளதை உள்ளபடி காண் என்னும் வாசகத்தைக் கதவில் ஒட்டியிருந்தவர் அவர்!

இதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா? அவ்வாறு முடிவு கட்டுவது அவசரம். மற்ற இடங்களில் தொழிலாளர் பேசிய சொற்களைக் கவனமாகக் குறித்துக்கொண்டவர் அவர். பொருளாதார அறிஞராகிய தம் கணவர் பால் டெய்லருடன் 1939இல் அவர் வெளியிட்ட நூலில், படத்தில் உள்ளோர் கூறிய மொழிகளே அவர்தம் படங்களுக்குத் துணையாக நிற்கின்றன. களைத்துத் திரும்பிய ஒரு நாளில், சில நிமிடச் சந்திப்பில் அந்தக் கவனம் தவறிற்று. நல்ல அளவுகோல் எதையும் விட்டுவைப்பதில்லை; அதைக் கதவில் மாட்டி வைத்தவரையும் அளந்து காட்டும். அந்த அளவுகோலை நாம் பெற்றதும் அவரிடமிருந்துதானே?

இன்று கைப்பேசியிலேயே காமிரா இருக்கிறது. ஒரு நொடியில் ஒரு முகத்தை எடுக்கலாம். மறுநொடியில் அதை ஊரெல்லாம் காணச் செய்யலாம். ஆதலால் அன்று ஒரு சிலருக்கே இருந்த பொறுப்பு இன்று உங்கள் ஒவ்வொருவர்க்கும் வந்துவிட்டது. படத்தின் கீழ் நீங்கள் எழுதும் ஒரு வரி, படத்தில் உள்ளவரோடு நாற்பது ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே, நூறு பொன்மொழிகளைத் திரட்டுவதைவிட ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதைச் சொன்னவரின் படங்களைத் தேடிப் பாருங்கள். அவர் வாழ்க்கையைப் படியுங்கள். பிறகு ஒரு மாதம், அந்தச் சொல்லைக் கொண்டு உங்கள் தெருவையும் வகுப்பறையையும் வீட்டையும் பாருங்கள். காமிரா இல்லாதவருக்கும் இப்பயிற்சி உரியது. நாள்தோறும் கண்ட ஒன்றை உள்ளபடியே நான்கு வரிகளில் எழுதுங்கள். எழுதியவற்றுள் எது கண்டது, எது நீங்களாகக் கூட்டியது என்று பிரித்துப் பாருங்கள். ஒருவரைப் படம் எடுக்க நேர்ந்தால் அவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் இசைவைப் பெறுங்கள்; பெயரைக் கேளுங்கள்.